பதினேழாம் எண் கிணறு

எங்கள் பல்கலைக்கழகம் ஒரு திட்டம் போட்டது. எந்த ஊரில் ஆராய்ச்சி செய்தோமோ, அந்த ஊருக்கே திரும்பிப் போய் முடிவைத் தமிழில் சொல்லிவிட்டு வர வேண்டுமாம். சுற்றறிக்கையைப் படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான்கு வருடம் நாய் படாத பாடு பட்டுப் பட்டம் வாங்கியாயிற்று, இன்னும் என்ன?

பனமலைப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர்தான் என் ஆராய்ச்சி. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் சண்டை போட்டிருக்கிறேன்.

சரி, தொலையட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறினேன். போய் இறங்கினால் தெருவில் ஈ காக்கை இல்லை. அன்று அமாவாசை. ஊரே வேன் வைத்து மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போயிருந்தது. நாங்கள் திண்டிவனத்துக் கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் வீட்டுக் காலண்டரில் அமாவாசையை யார் பார்த்தார்கள்? ஆராய்ச்சி செய்த புத்தி அங்கே வேலை செய்யவில்லை.

ஒரே ஒரு வீடு திறந்திருந்தது. எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி வாசலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தாள். நெரிசலில் அலைய வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"பாட்டில்ல தண்ணி மொண்டுக்கினு போனீங்களே, அந்த மேடம்தானே? நம்ம கெணறு பாஸா பெயிலா?"

கிணறுகளைக் குறித்திருந்த என் வரைபடத்தைப் பிரித்தேன். அவர்கள் கிணற்றுக்கு நான் கொடுத்திருந்த எண் பதினேழு. பக்கத்தில் சிவப்பு வட்டம். உரத்திலிருந்து இறங்கும் நைட்ரேட், அளவுக்கு மேல். பெரியவர்களைவிடக் கைக்குழந்தைக்குத்தான் அது ஆபத்து, அந்தத் தண்ணீரில் பால் மாவு கரைத்துக் கொடுக்கவே கூடாது என்று சொன்னேன்.

"காய்ச்சிக் குடுத்தா?"

"காய்ச்சினா இன்னும் அதிகமாவும்மா."

அவள் கை நின்றுவிட்டது. முதல் குழந்தைக்குத் தாய்ப்பால் போதாமல் மாவுப்பால்தான் கொடுத்தாளாம். குழாய்த் தண்ணீர் எப்போதாவதுதான் வரும், குடிக்கக் கிணறுதான் என்றாள். பிறகு கேட்டாள்: "இது எப்பங்க தெரியும் உங்களுக்கு?"

"ரெண்டு வருஷமா," என்றேன். இந்த இரண்டு வருடமும் பதினேழாம் எண் எங்கள் நூலக அலமாரியில் இருந்தது.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். "இது பொறக்கறதுக்கு முன்னாடி வந்துட்டீங்களே," என்று வயிற்றைத் தொட்டாள். "எது நல்ல கெணறு, அதச் சொல்லுங்க."

பச்சை வட்டத்தைக் காட்டினேன். அவள் முகம் சுருங்கியது. அது அவள் கணவரின் அண்ணனுடையது. வரப்புத் தகராறில் இரண்டு குடும்பத்துக்கும் மூன்று வருடமாகப் பேச்சு இல்லை.

மல்லாட்டையைத் தள்ளி வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். வரைபடத்தைப் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, நான் சொன்னதையெல்லாம் தன் பேச்சில் சொல்லிக் குரல் பதிவாக அனுப்பினாள். நான் இருபது பக்கத்தில் எழுதியதை ஒரே நிமிடத்தில், ஒன்று விடாமல் சொன்னாள்.

கோயில் கூட்டத்திலிருந்து குரல்கள் வர ஆரம்பித்தன. பின்னால் உடுக்கையும் பம்பையும் முழங்க, "எங்க மோட்டார் கொட்டாய் கெணறு எப்படிம்மா?", "பள்ளிக்கூடத்துப் பம்பு பாத்தாங்களா, கேளு," என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். நான் சொல்லச் சொல்ல அவள் அனுப்பினாள். என் ஆய்வேட்டைத் தேர்வாளர்களைத் தவிர ஒருவரும் புரட்டியதில்லை. இங்கே ஓர் ஊரே சாமி கும்பிட வரிசையில் நின்றபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

கடைசியாக ஓர் ஆண் குரல் வந்தது. "மூத்தாருங்க, எங்க வூட்டுக்காரரோட அண்ணன்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஒலியைக் கூட்டினாள்.

"கொழந்தத் தண்ணிக்கு என்னாத்துக்குத் தகராறு? நாளைக்குக் காத்தால ஆறு மணிக்கு மோட்டாரு போடறேன். கொடத்த எடுத்துக்கினு வரச் சொல்லுங்க."

அவள் அழவில்லை. அந்தக் குரலை மூன்று முறை போட்டுக் கேட்டாள். நான்காம் முறை அது ஒலிக்கும்போது எழுந்துபோய்க் குடத்தைத் துலக்க ஆரம்பித்திருந்தாள்.