கவிழ்க்க முடியாத கால்

அண்ணே, அந்தப் பீங்கான் காலைச் சாமியாக்கியது நீங்கள்தான். ஊர்க்காரர்கள் மேல் பழியைப் போடாதீர்கள். அதற்கு முதல் சந்தனம் வைத்தது உங்கள் கை. முதல் பூ, அண்ணி தலையில் வைக்க வாங்கி வந்த பூ. கேட்டால் "பக்தி, பாப்பா" என்கிறீர்கள். செருப்பைக் கழற்ற வேண்டுமே என்று பழமலைநாதரையே ரோட்டில் நின்றபடி கும்பிட்டுவிட்டுப் போகிறவர் நீங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக் கடை வைத்திருக்கிறார். நான் ஒரு செராமிக் பட்டறையில் அச்சு எடுக்கிறேன். அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி வந்து பல வருஷம் ஆகிறது. அதை அவர் வியாதியாக மதிப்பதில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி வைத்திருக்கிறார். அதற்கும் சேர்த்து ஜிலேபி வாங்குகிறார்.

எங்கள் தெருவில் ஒரு நர்ஸ் இருக்கிறாள். சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும், புண் வந்தாலும் தெரியாது, தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் போஸ்டர் ஒட்டினால் ஒருவரும் படிப்பதில்லை என்று ஒருநாள் புலம்பினாள். போஸ்டர் மேலேயே சாய்ந்துகொண்டு டோக்கனுக்கு நிற்கிறார்களாம்.

"பொம்மை செய்யற ஊருதானேக்கா. கையில எடுத்துப் பாக்கற மாதிரி ஒண்ணு செஞ்சு குடேன்" என்றாள்.

கையில் எடுத்து என்றதும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் பீங்கான் சாமான் வாங்குகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பொம்மையோ ஜாடியோ, எடுத்தவுடன் தலைகீழாகக் கவிழ்த்து அடியைத்தான் பார்ப்பார்கள். விரிசல் இருக்கிறதா என்று விரலால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். முகம் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம். அப்படியென்றால் பீங்கானில் ஒரு கால் செய்து, சொல்ல வேண்டியதை உள்ளங்காலில் எழுதிவிட்டால் போதும். படிக்காமல் ஒருவரும் தப்ப முடியாது.

பட்டறையில் மண் கலக்குகிறவரின் காலைத்தான் முதலில் அச்செடுக்கப் பார்த்தேன். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். அவர் பாதியிலேயே காலை உருவிக்கொண்டார். "இட்லிப் பானையில காலை வச்ச மாதிரி இருக்குதுக்கா" என்றார். அச்சு நாசம். அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தார்.

"இதுக்கே பயந்துட்டியாடா? பாப்பா, என் காலை எடுத்துக்கோ."

எண்ணெய் தடவப் போனேன். தங்கச்சி என் காலைத் தொடக்கூடாது என்று கிண்ணத்தைப் பிடுங்கி, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து அவரே தடவிக்கொண்டார். அப்புறம் காலை வைத்தார். நான் பிளாஸ்டரை ஊற்றினேன். அவர் டீ வரவழைத்தார். எலெக்ஷன் பேசினார்.

"சூடா இருக்குதா அண்ணே?"

"சூடா? காத்து வாங்கற மாதிரி இருக்குது."

மண் கலக்குகிறவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவர் டீயில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அச்சைப் பிரித்து உள்ளே விரல் விட்டுத் தடவினேன். பெருவிரலுக்குக் கீழே, பாதம் பதிந்த இடத்தில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மேடு. அச்சில் மேடு என்றால் காலில் பள்ளம்.

"அண்ணே, இது இன்னா?"

"பிளாஸ்டர்ல காத்து புடிச்சிருக்கும். பிளேடால செரச்சு வுடு."

பொய் சொல்வதையாவது ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம். காற்றுப் பிடித்தால் அச்சில் குழி விழும், மேடு வராது. அது எங்கள் பட்டறையில் நேற்றுச் சேர்ந்தவருக்கும் தெரியும். அண்ணன் தெரிந்துதான் சொன்னார். காலைக் காட்டச் சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டு, கடையில் ஆள் இல்லை என்று கிளம்பிவிட்டார்.

நான் அந்த மேட்டைச் செரைக்கவில்லை. கூழ் மண்ணை ஊற்றி, காய வைத்து, சூளையில் சுட்டெடுத்தேன். வெள்ளை வெளேரென்று ஒரு கால். கவிழ்த்தால் உள்ளங்காலில் ஒரு குழி. அதற்குச் சிவப்புப் பூசி, பக்கத்தில் 'இன்றைக்கு உன் காலைப் பார்த்தாயா?' என்று எழுதினேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் கூட்டம் வரும் என்று அண்ணன் கடை வாசலிலேயே வைத்தேன். அண்ணன் முறைத்தார். நான் சட்டை செய்யவில்லை.

நினைத்தது மாதிரியே நடந்தது. எடுத்தார்கள், கவிழ்த்தார்கள், படித்தார்கள். கம்மாபுரத்திலிருந்து வந்த ஒரு அம்மா படித்துவிட்டுக் கடைப்படியிலேயே உட்கார்ந்து, தன் காலை மடக்கிப் பார்த்தது. எனக்கு அன்றைக்குப் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

அண்ணனுக்குக் கெட்ட காலம், திட்டக்குடியிலிருந்து ஜாடி வாங்க வந்த ஒருவருக்குக் கண் கூர்மை. "முதலாளி, இந்தப் பெருவிரல் கோணிக்கிட்டு இருக்கறதைப் பாத்தா உங்க காலு மாதிரியே இருக்குதே. அப்ப இந்தப் புண்ணும்..." என்று அண்ணன் செருப்பைக் குனிந்து பார்த்திருக்கிறார்.

மறுநாள் கால் ஒரு பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. மேலே சந்தனம், குங்குமம், பூ. சாமியை யார் கவிழ்த்துப் பார்ப்பார்கள்? பஸ் டிரைவர் ஒருவர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். எந்தக் கோயில் பாதம் என்று கேட்டவர்களுக்கு அண்ணன் வாய்க்கு வந்த கோயிலை எல்லாம் சொன்னார்.

நர்ஸ் பார்க்க வந்தாள். கூட்டத்தைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டாள். கிட்டே போய்ப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இன்னாக்கா, விழிப்புணர்வு பண்ணச் சொன்னா கும்பாபிஷேகம் பண்ணி வச்சிருக்கீங்க."

அச்சில் இருந்த மேட்டைப் பற்றி அவளிடம் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. "இப்பவே வந்தா கட்டும் மருந்துமா போயிடலாம். வுட்டா முதல்ல வெரலு போவும். அப்புறம் எதுவரைக்கும்னு சொல்ல முடியாது. இட்டுக்கினு வாக்கா" என்றாள்.

அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி தரை துடைத்துக்கொண்டிருந்தது. "அவரு நடந்த எடமெல்லாம் ஈரமா கறை இருக்குது. கேட்டா தண்ணியில மிதிச்சேன்றாரு. வூட்டுல ஏது அவ்ளோ தண்ணி?" என்றது. அண்ணன் கட்டிலில் காலைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு டிவி பார்த்தார். வெயில் காலத்தில் போர்வை.

"ஆஸ்பத்திரிக்குப் போனா வெட்டிடுவானுங்க, பாப்பா" என்றார். அந்த ஒரு தடவைதான் உண்மையைச் சொன்னார். உடனே சேனலை மாற்றிவிட்டார்.

கெஞ்சினேன், திட்டினேன், அண்ணி அழுதது. எதுவும் நடக்கவில்லை. அதனால்தான் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். உங்கள் பெயரை நான் போடவில்லை, அண்ணே. கடைப் பெயரும் போடவில்லை. அந்த மரியாதை போதும்.

ஞாயிற்றுக்கிழமை பொம்மை வியாபாரிகள் கூட்டம் இருக்கிறது. வழக்கம்போல முதலில் மைக்கைப் பிடிக்கப் போவது நீங்கள்தான். நர்ஸும் வருகிறாள். ஆட்டோ வெளியே நிற்கும். செருப்பைக் கழற்றுங்கள். அந்தப் பீங்கான் கால் யாருடைய கால் என்று அத்தனை பேர் முன்னாலும் உங்கள் வாயால் சொல்லுங்கள்.