ஆகஸ்ட்டில் நின்றுபோன ஞாபகம்

இன்று எங்கள் தோட்டத்துப் பெண்கள் கால்பந்து அணிக்கு ஞாபகச் சோதனை. பின்னால் தலையில் அடிபட்டால் ஒப்பிட்டுப் பார்க்க, நன்றாக இருக்கும்போதே மார்க் எடுத்து வைக்கிறார்கள்.

ரப்பர் பால் வெட்டி முடித்து, மைதானத்துக்கு மேடேறி ஓடிப்போய் அப்படியே சோதனைக்கு உட்கார்ந்தேன்.

டிசம்பரிலிருந்து மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார் சிங்கள டாக்டர். ஆகஸ்ட்டில் நின்றுவிட்டேன்.

"நங்கி, தங்கச்சி, ஓடியா வந்தீங்க? களைப்புல மார்க் கொறையும். அப்புறம் அடிபட்டாலும் எங்களுக்கு வித்தியாசம் தெரியாது. கொஞ்சம் இருந்துட்டு வாங்க."

களைப்பு ஆறியதும் ஜனவரி வரை தடங்கலில்லாமல் வந்தது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த கோல்கீப்பர் செல்வி எழுந்து மைதானத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தாள்.

"எங்கடி ஓடுற?"

"மார்க்கக் கொறைக்கத்தான். அடிபட்டாலும் வெளிய உக்கார வைக்க மாட்டாங்கல்ல."

இவளுக்கு ஏற்கெனவே தலையில் அடிபட்டிருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

தப்பா?