கருடனும் துரையின் ரொட்டியும்

பூஜை விடுமுறை முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஆபீஸ் துரை தமிழ் குமாஸ்தாக்கள் ஐந்து பேரையும் பறவை பார்க்கக் கல்கத்தாப் பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போனார். வாரத்தில் ஒருநாள்தான் விடிந்த பிறகும் தூங்குவேன். அதிலும் மண்ணைப் போட்டார்.

ஒரு மணி நேரம் காக்கையைத் தவிர ஒன்றும் தென்படவில்லை. பிறகு மரத்துக்கு மேலே ஏதோ வட்டமிட்டது.

"கருடன்டா" என்றார் எங்களில் மூத்தவர். ஐவரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

கொசு அடிக்கிறோம் என்று துரை நினைத்தாராம். விஷயம் தெரிந்ததும் சிரித்தார். அது குப்பை தின்னும் வெறும் பருந்து என்றார்.

"கருடனுக்கு இருக்கிற மாதிரி கழுத்து வெள்ளையாத்தானே இருந்தது" என்று மூத்தவர் முணுமுணுத்தார்.

அதற்குள் அந்தப் பருந்து இறங்கி, துரை கையிலிருந்த கறி வைத்த ரொட்டியைப் பறித்துக்கொண்டு போயிற்று.

நாங்கள் மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். இந்தத் தடவை மனதார.