கோர்வை டயர்

ஏலவார்குழலி கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது தெருவில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மகள் சங்கீதாவுக்கு ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை. கோவில், கல்யாணம் என்று போய்வர அம்மா ஓட்டுகிறாள், அவ்வளவுதானே என்றார்கள். குழலி வளைவுகளுக்காகவே ஓட்டினாள் என்பது யாருக்கும் தெரியாது. நேர் ரோட்டில் அவளுக்குக் கொட்டாவி வரும். வளைவு வந்தால் முதுகு நிமிரும். புடவைத் தலைப்பு இடுப்பில் ஏறும்.

சங்கீதா வாங்கிவந்தது பழைய வண்டி. சின்ன உடம்பு, பெரிய இன்ஜின், அரக்கு நிறம். மகள் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போனாள். வண்டி அம்மாவிடம் தங்கிவிட்டது. பெரிய காஞ்சிபுரத்துத் தறிக்காரத் தெருவில், வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கொட்டகை போட்டு அதை நிறுத்தியிருந்தார்கள்.

ஓரிக்கைக்கு அந்தப் பக்கம், மனை பிரித்து சிமென்ட் ரோடு போட்டும் விற்காமல் கிடந்த ஒரு இடம் உண்டு. ஊர்க் கார் பிரியர்கள் அங்கே வருஷத்துக்கு ஒரு போட்டி வைப்பார்கள். ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கூம்புகளை நட்டு, ஒவ்வொரு வண்டியாக விடுவார்கள். கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து, ஒன்றையும் சாய்க்காமல், சீக்கிரம் வந்து சேரவேண்டும். போன வருஷம் குழலி மூன்றைச் சாய்த்தாள். நான்காவது கூம்பு வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டு முடிவுக்கோடு வரைக்கும் கூடவே வந்தது. வீடு வரைக்கும் வந்ததாகக் கணவர் பஞ்சாட்சரம் தெருவெல்லாம் சொல்லிவைத்தார். அன்றிலிருந்து அவள் பெயர் கூம்புக்கா.

பஞ்சாட்சரத்துக்கு வேறு கணக்கு இருந்தது. முகூர்த்தப் புடவைகளுக்கு ஆர்டர் குவிந்துகிடந்தது. இன்னொரு தறி போட இடம் வேண்டும்.

"வண்டி நிக்கிற எடத்துல சரியா ஒரு தறி ஒக்காரும், கொழலி."

"அப்ப வண்டி எங்க நிக்கும்?"

"அது ஏன் நிக்கணும்? ஓட்டத் தெரிஞ்சவங்களா பாத்துக் குடுத்துடலாம்."

குழலி சாதக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இந்த வருஷம் ஒரே ஒரு கூம்பு சாஞ்சாலும் நானே வண்டியக் குடுத்துடறேன். சாயலன்னா, தறிப் பேச்ச எடுக்கவே கூடாது."

"ஒண்ணே ஒண்ணு சாஞ்சா கூடவா?"

"ஒண்ணே ஒண்ணு."

சாப்பிட்ட கை காய்வதற்குள் பஞ்சாட்சரம் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனார். வண்டியைச் சுற்றிச் சுற்றித் தறிக்கு அளவெடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகளும் அந்தக் காலி மனைக்குப் போனார்கள். காலி பெயின்ட் டப்பாக்களைக் கூம்புகளாக வைத்துக்கொண்டார்கள். முதல் வளைவிலேயே நோய் தெரிந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி திரும்பாமல் மூக்கை நீட்டிக்கொண்டு நேராகப் போனது.

"சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதுடி. உங்கப்பா மாதிரியே."

"முன்னாடி டயருக்குப் பிடிமானம் போதல. தேஞ்சிருக்குது, ரப்பரும் காஞ்சிபோச்சு. முதல்ல டயர் மாத்தலாம், அப்புறம் ஸ்பிரிங். நாலு டயரும் ஒரே ஜாதி, ஒரே நாள் போடணும்" என்றாள் சங்கீதா.

கடைசி வாக்கியம் குழலியின் காதில் விழுந்தது. மனதில் விழவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து குழலி கோர்வை போடுகிறவள். காஞ்சிபுரத்துப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் வேறு வேறு நூலாக ஓடிவந்து, ஒவ்வொரு இழையிலும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அந்தப் பிடிதான் கோர்வை. ஒருவரால் ஆகாது. பஞ்சாட்சரம் நடுவில் உட்கார்ந்து உடலை நெய்வார். குழலி அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, அவர் "போடு" என்றதும் கரை நூல் சுற்றிய நாடாவை இழைகளுக்கு நடுவே வீசுவாள். ஒரே துணியில் இரண்டு விதம் இருப்பது அவளுக்குக் குறையே இல்லை. அதுதான் புடவைக்கே அழகு.

ஆகவே மகள் வேலைக்குப் போன ஒரு நாள் குழலி தனியாக ராஜவேலுவின் டயர் கடைக்குப் போனாள். மிருதுவான ரப்பரில் செய்த, பக்கச்சுவர் விறைப்பாக இருந்த டயர்களைத் தேர்ந்தெடுத்தாள். ராஜவேலு நாலை எடுத்து வெளியே உருட்டினான்.

"ரெண்டு போதும்பா. மூக்குதானே கேக்க மாட்டேங்குது? முன்னாடி மட்டும் போடு."

"அக்கா, முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணா? யாரும் போட மாட்டாங்கக்கா."

"நீ வேட்டி கட்டுறவன். உனக்குக் கோர்வை தெரியாது. போடுப்பா."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சங்கீதா பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட் போட்டாள். ஏறும்போதே முன் டயர்களைப் பார்த்து நல்ல தேர்வு என்று நினைத்திருந்தாள். பின்னால் போய்ப் பார்க்கவில்லை. முதல் வளைவில் மூக்கு சொன்ன பேச்சைக் கேட்டது. குழலிக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாவது வளைவுக்கு இன்னும் வேகமாகப் போய், பாதி வளைவில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். முன்பக்கம் தரையைக் கவ்வி நின்றது. பின்பக்கத்துக்குப் பிடி இல்லை. வண்டி பம்பரம் போலச் சுற்றி, வந்த வழியைப் பார்த்து நின்றது. ஒரு பெயின்ட் டப்பா பாலாற்றுப் பக்கம் உருண்டு போய்க்கொண்டிருந்தது.

குழலி ஸ்டீயரிங்கில் நெற்றியைச் சாய்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள்.

"சங்கீ, இன்னொரு வாட்டி சுத்தட்டுமா?"

"பின்னாடி என்னா டயர் இருக்குதும்மா?"

"பழசுதான். கோர்வைடி."

சங்கீதா ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தாள். பாடம் எடுக்க வாய் வரவில்லை.

"அம்மா, கரைக்கு இழுத்து வீசி, உடலுக்குத் தொளதொளன்னு விட்டா புடவை என்னா ஆகும்?"

"சுருக்கம் விழும். முறுக்கிக்கும்."

"நீ முறுக்கிட்ட."

குழலி ஒரு நிமிஷம் யோசித்தாள். "நூலு வேறயா இருக்கலாம். இழுப்பு ஒண்ணா இருக்கணும். அதச் சொல்ல வேண்டியதுதானே? ஜாதின்னுட்ட, நான் எங்க கேப்பேன்?"

மறுநாள் பின்னாலும் அதே டயர் வந்தது. கடை முழுக்க ராஜவேலுவின் சிரிப்பு இருந்தது.

ஸ்பிரிங் சங்கீதாவின் வேலை. கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, கிடைத்ததிலேயே விறைப்பான, குட்டையான ஸ்பிரிங்குகளை வாங்கி மாட்டச் செய்தாள். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய்வது குறைந்தால் நாலு டயரும் ஒழுங்காக உழைக்கும் என்பது அவள் கணக்கு. வண்டி தாழ்ந்து, பார்க்க அழகாக இருந்தது. வீட்டு வாசலில் கால்வாய் மேல் கிடந்த கல்லில் வயிறு தட்டிக்கொண்டு நின்றது. பஞ்சாட்சரம் பல் துலக்கிக்கொண்டே வந்து பார்த்தார்.

"வண்டி நமஸ்காரம் பண்ணுதா? கால் ஏதாவது ஒடஞ்சிபோச்சா?"

பலகை போட்டு ஏற்றி, மனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் சரிப்படவில்லை. சிமென்ட் ரோட்டின் ஒவ்வொரு இணைப்பிலும் வண்டி தவளை மாதிரி குதித்தது. குதிக்கும்போது டயர் தரையை விட்டது. தரையைத் தொடாத டயர் எவ்வளவு உயர்ந்த ரப்பராக இருந்தாலும் பிரயோஜனமில்லை. சங்கீதா கணக்குப் போட்டது வழவழப்பான பந்தயத் தளத்துக்கு. இது ஓரிக்கை.

"அம்மா, தப்பு என்னுது" என்றாள்.

"வெரிகுட். இப்ப ஆளுக்கு ஒண்ணு" என்றாள் குழலி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஆனால் சந்தோஷமாக.

பிறகு நடுத்தரமான ஸ்பிரிங்குகளைப் போட்டுப் பார்த்தார்கள். முன்பக்கம் பழையதைவிடக் கொஞ்சம் விறைப்பு, பின்பக்கம் அதைவிட இன்னும் கொஞ்சம். பின்பக்கம் கூடுதல் விறைப்பாக இருந்தால், முன் சக்கரம் இழுக்கும் வண்டியில் வால் லேசாக நகர்ந்து கொடுத்து மூக்கு உள்ளே வரும். உயரம் கால்வாய்க் கல்லைத் தாண்டும் அளவுக்கு. டயர்களில் காற்றைக் கூட்டிக் குறைத்து, ஓட்டி வந்து, ரப்பரைத் தொட்டுப் பார்த்தார்கள். ஓரம் மட்டும் சுட்டால் காற்று குறைவு, நடு மட்டும் சுட்டால் அதிகம். முழுக்க ஒரே சூடாக வந்த அன்று குழலி டயரை விட்டு நகரவே இல்லை. தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பது போல உள்ளங்கையைக் கிட்டே கொண்டுபோய்க் கொண்டுபோய் வைத்தாள்.

இன்றைக்கும் அந்த வண்டியில் அதே ஸ்பிரிங்குகள்தான். ஓட்டியவள் இல்லை. போன தையில் போய்ச் சேர்ந்துவிட்டாள். வண்டி திரும்பும் விதத்தில் அவளுடைய தேர்வு இருக்கிறது.

இவ்வளவு செய்தும் ஒரு குறை பாக்கி இருந்தது. வளைவுகள் அடுத்தடுத்து வரும் இடத்தில் வண்டி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாமதமாகத் திரும்பியது, டப்பாவை உரசியது. போட்டிக்கு முந்தின ஞாயிறு. சங்கீதா டயரைப் பார்த்தாள், ஸ்பிரிங்கைப் பார்த்தாள். கடைசியில் அம்மாவின் கையைப் பார்த்தாள்.

"எதுக்கும்மா நிக்கிற?"

"எங்கடி நின்னேன்? பறந்துக்கினு இருக்கேன்."

"வண்டி நிக்கல. கை நிக்குது. வளைவு வந்தப்புறமும் எதுக்கோ காத்துக்கினு இருக்குது."

குழலி வண்டியை ஓரமாக நிறுத்தினாள். இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடக் கடவுளே. அவரு 'போடு' சொல்றதுக்குடி!"

அவர் சொல்வார், அவள் வீசுவாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை வருஷம். அந்தக் கைக்குத் தானாகத் தொடங்கிப் பழக்கமில்லை. எந்த ஸ்பிரிங் போட்டாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

"அப்பாவ வண்டியில ஒக்கார வெச்சிடலாமா?" என்றாள் சங்கீதா.

"ஐயய்யோ, வேணாம். அவரு தறிக்கு எடம் புடிக்க எல்லாக் கூம்புக்கும் 'போடு'ன்னுவாரு."

போட்டியன்று வெயில் நல்லபடி காய்ந்தது. பஞ்சாட்சரம் வெள்ளை வேட்டியில் வந்து, கூட்டத்துக்காகக் கட்டிய தடுப்புக் கயிற்றுக்கு வெளியே முன்வரிசையில் நின்றார். மடியில் அளவுக் கயிறு இருந்தது. வேண்டுமென்றேதான் கொண்டுவந்திருந்தார். சங்கீதா டயர்களின் காற்றைக் கடைசியாகப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். குழலியின் முறை வந்தது.

"கூம்புக்கா, பாத்து!" என்று யாரோ கத்தினார்கள்.

கொடி இறங்கியது. வண்டி பாய்ந்தது. முதல் கூம்பு கிட்டே வந்தபோது திறந்த ஜன்னலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"போடு!"

குழலிதான். வண்டி திரும்பியது. அடுத்த கூம்புக்கு மறுபடி "போடு!" என்று தனக்குத் தானே சொல்லி, சொன்ன கணமே திருப்பினாள். மூக்கு உள்ளே வந்தது, வால் அளவாக நகர்ந்தது, நாலு டயரும் சிமென்டைக் கவ்விக்கொண்டு கீச்சிட்டன. "போடு! போடு!" இரண்டாவது சுற்றில் கூட்டமும் சேர்ந்துகொண்டது. தறிக்காரத் தெரு ஆட்கள் அதில் கொஞ்சம் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். சிரித்துச் சிரித்துக் கத்தினார்கள். பஞ்சாட்சரத்தின் வாய் மட்டும் திறந்தபடி நின்றது. அது அவருடைய சொல்.

கடைசிக் கூம்பில் குழலிக்கு ஆசை மிஞ்சிவிட்டது. ஒட்டிப் போனாள். பின் டயரின் தோள் கூம்பின் அடியை உரசியது. கூம்பு ஆடியது. இடமாகச் சாய்ந்தது, வலமாகச் சாய்ந்தது. வண்டி கோட்டைத் தாண்டி நின்றுவிட்டது, கூம்பு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. ஆனால் கொஞ்சம் நகர்ந்திருந்தது. சாயாவிட்டாலும், சுற்றிப் போட்ட சுண்ணாம்பு வட்டத்தைவிட்டு வெளியே போயிருந்தால் சாய்ந்ததாகவே கணக்கு.

கொடிக்காரர் நடந்து வருவதற்குள், கயிற்றுக்கு அடியில் குனிந்து பஞ்சாட்சரம் ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் மண்டியிட்டார். கன்னம் சிமென்டில் படுமளவுக்குக் குனிந்து, புடவையில் விட்டுப்போன இழையைத் தேடுகிறவர் போல, கூம்பைச் சுற்றிவந்து பார்த்தார். கூம்பு வட்டத்துக்கு வெளியே இருந்தால் தறிக்கு இடம் கிடைத்துவிடும். அவருக்கு அது தெரியும். குழலி வண்டியைவிட்டு இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் தெரியும்.

பஞ்சாட்சரம் எழுந்தார். கையைத் தூக்கினார்.

"உள்ளதான் இருக்குது! ஒரு இழை கூட வெளிய போகல!"

கொடிக்காரர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, அவர் சொன்னது சரிதான் என்றார். கூட்டம் கூம்புக்கா, கூம்புக்கா என்று கத்தியது. குழலிக்கு நேரக் கணக்கில் எத்தனையாவது இடம் என்று அவள் கேட்கக்கூட இல்லை. கூம்பைத் தூக்கி வந்து கணவரின் தலையில் கவிழ்த்தாள்.

திரும்பி வரும்போது பஞ்சாட்சரம் முன்சீட்டில் உட்கார்ந்தார். சங்கீதா பின்னால். ஓரிக்கையைத் தாண்டி ரோடு வளைகிற இடம் வந்தது. பஞ்சாட்சரத்துக்குப் பழக்கம் விடவில்லை.

"போடு" என்றார்.

"எப்பவோ போட்டுட்டேன், சும்மா வாங்க" என்றாள் குழலி. வண்டி ஏற்கெனவே வளைவின் பாதியில் இருந்தது.