பிள்ளை வருமுன் சுரண்டிய பெயின்ற்

என் தகப்பன் விட்டுப்போன கார் எங்கள் உடுப்பிட்டி வீட்டு வளவில், ஒரு தகரக் கொட்டிலின் கீழே நின்றது. அது நன்றாக ஓடும். ஆனால் கதவுகளிலும் மட்காட்டிலும் பெயின்ற் வெடித்து, செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. பல வருடம் காத்திருந்து என் மனைவி கருவுற்ற பிறகுதான் அந்தச் செதில்கள் எங்கள் கண்ணில் உறுத்தத் தொடங்கின.

அவள் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிப்பவள். ஒருநாள் நான் விளக்குமாற்றோடு கொட்டிலுக்குள் போனபோது வாசலிலிருந்தே தடுத்தாள்.

"உதைக் கூட்டாதேங்கோ. அந்தக் காலத்துக் கார்ப் பெயின்றிலை ஈயம் இருக்கும். தூசு கிளம்பினால் மூச்சோடை உள்ளுக்குப் போகும். நாளைக்குப் பிள்ளை தவழேக்கை உந்தச் செதிலைத்தான் எடுத்து வாயிலை வைக்கும்."

"அப்ப முழுக்கச் சுரண்டிப்போட்டுப் புதுசாய் அடிப்பம்."

"நான் இஞ்சை இருக்கேக்கை வேண்டாம். தலைப்பிள்ளைக்கு அம்மாவிட்டைப் போகத்தானே வேணும். கொஞ்சம் முந்தியே போறன். பிள்ளையோடை நான் திரும்பி வாறதுக்கிடையிலை முடிச்சு வையுங்கோ."

சண்டிலிப்பாயில் மாமி வீட்டில் அவளை விட்டுவிட்டு வந்து வேலையைத் தொடங்கினேன். முறையெல்லாம் அவள் சொல்லித் தந்ததுதான். காய்ந்தபடி மெஷினால் உரஞ்சக்கூடாது. நெருப்பு காட்டி உரிக்கக்கூடாது. அந்தப் புகையிலும் ஈயம் இருக்கும். தண்ணீர் தெளித்துத் தெளித்து, ஈரத்திலேயே சொரசொரப்பான வாட்டர் பேப்பரால் உரஞ்சவேண்டும். காரின் கீழே தடித்த பொலித்தீன் விரித்து, அதன் ஓரங்களை நான்கு பக்கமும் பலகை வைத்து உயர்த்தினேன். வடிகிற தண்ணீர் மண்ணில் இறங்கினால் எங்கள் சுண்ணாம்புக் கல்லுக்கூடாகக் கிணற்றுக்கே போய்விடும். அதனால் கரைசலைத் துணியால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள வாளியில் சேர்த்தேன்.

நுண்ணிய தூசைத் தடுக்கிற மாஸ்க்கும் கையுறையும் போடாமல் கொட்டிலுக்குள் போகமாட்டேன். வேலை உடுப்போடு வீட்டுக்குள் கால் வைக்கமாட்டேன். கிணற்றடியில் தலைமுழுகி, வேறு உடுப்பு மாற்றிய பிறகுதான் எல்லாம். தொலைபேசியும் வீட்டுக்குள்ளேயே கிடக்கும்.

ஞாயிறுகளில் ஆராதனை முடிந்ததும் அவளைப் பார்க்கப் போவேன். கிட்டப் போனதும் என் தலைமயிரை மோந்து பார்ப்பாள்.

"சவர்க்காரம்தான் மணக்குது. கிட்ட வரலாம்," என்று சிரிப்பாள்.

கார் அநேகமாகத் தகரம் தெரிய வந்துவிட்டது. இடப்பக்கக் கதவு மட்டும் மிச்சம். ஒருநாள் காலை அதைத் தொடங்கினேன். வெயில் ஏறியதும் நிறுத்தி, துணிகளை ஒதுக்கி, ஆறுதலாகக் குளித்து, உடுப்பு மாற்றி உள்ளே போனேன். தொலைபேசியில் மாமி திரும்பத் திரும்ப எடுத்திருந்தது தெரிந்தது. கூப்பிட்டேன்.

"தம்பி, எங்கை நிண்டனீங்கள்? பிள்ளை துடிக்கேல்லை எண்டு சொன்னாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திட்டம். உடனை வாங்கோ."

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் தெரிந்துவிட்டிருந்தது. அவர்கள் அங்கே போகுமுன்னமே பிள்ளையின் இருதயம் நின்றுவிட்டதாம். கழுத்தில் கொடி சுற்றியிருந்தது என்று டொக்டர் சொன்னார். நான் முதல் அழைப்பிலேயே ஓடி வந்திருந்தாலும் ஒன்றும் மாறியிராது என்று அவராகவே சொன்னார். ஆனால் அந்த நேரம் முழுக்க அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று மாமி சொன்னா.

பெண்பிள்ளை. நிறையத் தலைமயிர். சின்னப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அடக்கம் செய்ய ஆட்டோவில் சேமக்காலைக்குப் போனேன். பள்ளங்களில் ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் பெட்டியை இறுக்கிப் பிடித்தேன்.

அவள் வீட்டுக்கு வந்து கனநாளாகிவிட்டது. ஒரு பின்னேரம், தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் ஞாயிறுகளிலை வரேக்கை அந்தத் தூசு கொஞ்சமெண்டாலும் ஒட்டிக்கொண்டு வந்திருக்குமோ?"

"நான் குளிச்சு, உடுப்பு மாத்தித்தானே வந்தனான். டொக்டரும் கொடிதான் எண்டு சொன்னவர்."

"தெரியும். தெரிஞ்சும்தான் கேக்கிறன்."

அந்தக் கேள்வி என்னிடமும் இருந்தது.

கொட்டிலில் கார் உரித்தபடியே நின்றது. உப்புக்காற்றில் வெறுந்தகரம் துருவேறத் தொடங்கியது. விற்றுவிடலாம் என்றேன். ஒரு சனிக்கிழமை கொட்டிலுக்குள் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுப் போனேன். அவள் நிலத்தில் உட்கார்ந்து, மிச்சமிருந்த அந்த இடப்பக்கக் கதவை உரஞ்சிக்கொண்டிருந்தாள். பொலித்தீன் விரித்திருந்தாள். பேப்பரை நனைத்திருந்தாள். முகத்திலும் கையிலும்தான் ஒன்றும் இல்லை.

"மாஸ்க்கைப் போடும்," என்றேன்.

"இனி ஆருக்காகப் போடுறது?"

நான் மாஸ்க்கை எடுத்து வந்து, அவள் முன்னால் குந்தி, இரண்டு காதுக்குப் பின்னாலும் பட்டியை மாட்டிவிட்டேன். ஒவ்வொரு விரலாகக் கையுறையையும் போட்டேன். அவள் மறிக்கவில்லை.

"எனக்காகப் போடும்," என்றேன்.

இரண்டு பேருமாக உரஞ்சினோம். இடையில் அவள் தோள்கள் குலுங்கின. மாஸ்க் நனைந்து முகத்தோடு ஒட்டிவிட்டது. நனைந்தது உதவாது. அவளைக் கொட்டிலுக்கு வெளியே கூட்டிப்போய், முகத்தைக் கழுவிவிட்டு, புதிதாக ஒன்றைக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு திரும்பிப் போய்ப் பேப்பரை மறுபடி தண்ணீரில் நனைத்தாள். பொழுதுபடுமுன் கதவு முழுவதும் தகரமாகிவிட்டது.