குறுக்குத்துறையில் ஒரு குத்துவிளக்கு

"உங்க ஊர்ல அல்வாவை விட்டா வேற என்னதான் இருக்கு?"

கேட்டவர் என் கணவர். அக்மார்க் சென்னைக்காரர். அவர் கேட்ட நேரம்தான் முக்கியம். ரிட்டயர் ஆகிவிட்டார். இனி எங்கே குடியிருப்பது என்று ஒரு மாதமாக வீட்டில் பட்டிமன்றம். நான் திருநெல்வேலி கட்சி. அவர் வேளச்சேரி.

"ஒரே ஒரு நாள் சுத்திக் காட்டு. அல்வா சேர்த்தி இல்லை. மனசுக்குப் பிடிச்சா அங்கேயே போயிடலாம்" என்றார்.

விடுவேனா? போன வாரம் ரயிலேறிவிட்டோம்.

காலையில் நெல்லையப்பர் கோயில். இசைத் தூண்களைக் காட்டினேன். "மதுரையிலயும் இருக்கே" என்றார். தாமிர சபையில் மரச் சிற்பங்களை அண்ணாந்து பார்க்கச் சொன்னேன். கழுத்து வலிக்கிறதாம்! சரிதான்... மனுஷன் முடிவு பண்ணிக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

ஆனால் கைவசம் ஒரு துருப்புச்சீட்டு வைத்திருந்தேன். குறுக்குத்துறை முருகன் கோயில். ஆற்றுக்குள்ளேயே, பாறையோடு பாறையாக நிற்கும். வெள்ளம் இரண்டாகப் பிரிந்து போவதற்காகப் படகு மூக்கு மாதிரி ஒரு பக்கத்தைக் கட்டியிருப்பார்கள். அதைப் பார்த்துமா வேளச்சேரி?

போய் இறங்கினால் — தாமிரபரணி செக்கச்செவேலென்று பொங்கிக்கொண்டு வருகிறது. தண்ணீர் கோயில் வாசலைத் தொட்டுவிட்டது. ஐப்பசி மாதத்தில் ஆறு எப்படி இருக்கிறது என்று விசாரிக்காமல் இங்கே யாராவது வருவார்களா? சென்னையில் முப்பது வருஷம் குழாய்த் தண்ணீர் குடித்ததில் எனக்கு அதுகூட மறந்துபோச்சு. அழுகையே வந்துவிட்டது.

கோயிலுக்குள்ளிருந்து உற்சவர் சிலையைத் தூக்கிக்கொண்டு சிலர் வந்தார்கள். பின்னாலேயே மணி, அண்டா, தாம்பாளம் என்று ஒரு வரிசை.

"என்னங்க ஆச்சு?" என்றார் இவர்.

"ஆத்துல வெள்ளம் வருதுலா! சாமி கரைமேல இருக்க மேலக்கோயிலுக்குப் போறாவ. தண்ணி வடிஞ்சதும் எறங்கிருவாவ" என்றார் அண்டா சுமந்தவர், ஏதோ பஸ் டைமிங் சொல்வதுபோல.

"அப்ப மூலவர்?"

"அவிய பாறையிலயே செதுக்குன சாமில்லா? ரெண்டு நாளு நல்லாக் குளிப்பாவ. ஏன் அண்ணாச்சி சும்மா நிக்கிய? அந்தக் குத்துவிளக்கைத் தூக்குங்க. பைய வாங்க... படி வழுக்கும்!"

வீட்டில் காபி டம்ளரைக்கூட எடுத்து வைக்காத மனுஷர். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு விளக்கைத் தூக்கிவிட்டார்! ஒரு நடை இல்லை, மூன்று நடை. கடைசி நடையில், முன்னால் போனவரை "பைய... பைய..." என்று வேறு அதட்டுகிறார். எனக்குச் சிரிப்பும் சந்தோஷமும் தாங்கவில்லை.

மேலே போய் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "சாமியைத் திரும்ப இறக்கும்போதும் ஆள் வேணும் இல்ல?"

"வேணும்தான். அதுக்குன்னு மெட்ராஸ்லேருந்தா வருவிய?"

"எதுக்கு மெட்ராஸ்லேருந்து? இங்கேதானே இருக்கப் போறோம்" என்றார், என் பக்கம் திரும்பாமலே.

சாயங்காலம் முழுக்க வாடகை வீடு பார்த்து அலைந்தோம். சாமான் கட்டுவதற்காகச் சென்னைக்கு ரயிலும் ஏறியாயிற்று. கோவில்பட்டி தாண்டிய பிறகுதான் உறைத்தது... அல்வா வாங்கவே இல்லை!