உயிரோடு இருப்பவளின் பெயர்

பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்ததற்கு என் மகள் ஜெனி பிரஷ்மீது பழி போட்டாள். தொடையில் கருநீலத் திட்டுகள் வந்தபோது பள்ளி பெஞ்ச்மீது. சேலத்து மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றபோது பழி போட எங்களிடம் எதுவும் மிஞ்சவில்லை. ரத்தப் புற்றுநோய். அவளுக்குப் பதினேழு வயது.

கீமோவுக்குப் பின் நியூட்ரோபில் (கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணு) மிகவும் குறைந்தது. “கூட்டம் கூடாதுங்க. பார்க்க வர்ற சொந்தமும் கூட்டந்தான், கோயிலும் கூட்டந்தான்” என்றார் மருத்துவர்.

மனைவி அவளோடு வார்டில் இருந்தாள். ஞாயிறன்று நான் மட்டும் தேவாலயத்துப் பூசைக்குப் போனேன். என் தங்கை லீமா அன்றைய பூசையை இரண்டு கருத்துகளுக்காக (வேண்டுதல்களுக்காக) ஒப்புக்கொடுத்திருந்தாள்: இறந்துபோன எங்கள் அப்பாவின் ஆன்மா இளைப்பாற, ஜெனி குணமடைய. ஒரே குடும்பம் என்பதால் கருத்துகளை வாசித்தவர் இரண்டு பெயர்களையும் சேர்த்து, இறந்தவர்களுக்குக் கேட்கும் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று வாசித்துவிட்டார். சபை முழுவதும் அதற்காக மன்றாடியது.

வெளியே ஓடி வந்து ஜெனிக்குப் போன் செய்தேன்.

“என்னப்பா மூச்சு வாங்குது? பூசை முடிஞ்சிருச்சா?”

“இல்ல சாமி. சும்மாதான். எப்படி இருக்க?”

“இந்தக் கேண்டீன் இட்லியைத் தின்னுட்டும் உசுரோட இருக்கேன். உள்ள போங்கப்பா, பாதிப் பூசைல வந்தா பாவம்.”

உள்ளே போகவில்லை. வாசித்தவர் பிறகு அழுது மன்னிப்புக் கேட்டார், மன்னித்தேன். ஆனால் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டு, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தனியே செபித்தேன். கடவுளுக்கும் எனக்கும் நடுவில் யாரும் தவறாக வாசிக்க முடியாதல்லவா?

அங்கும் அது வந்தது. குணம் என்று கேட்கத் தொடங்கிய நாக்கு இளைப்பாற்றி என்று முடித்தது. அதைத் திருத்த அந்த அறையில் இன்னொரு குரல் இல்லை.

இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்குச் சொல்கிறேன். தனிச் செபம் வேண்டும். அங்கேதான் என்னால் கடவுளைத் திட்ட முடிந்தது. ஆனால் பயந்துபோன மனிதன் வெகுநேரம் தனியே செபித்தால், கடைசியில் தன் பயத்தோடுதான் பேசிக்கொண்டிருப்பான்.

ஜெனி வீடு திரும்பிய வாரம், எங்கள் அன்பியத்தார் (தெருவில் சேர்ந்து செபிக்கும் சில குடும்பங்கள்) முகக்கவசத்தோடு கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்கள். முன்னால் லீமா.

“உள்ள வர மாட்டோங்கண்ணா. நீங்க ஆரம்பிங்க.”

“என்னால முடியாது லீமா. அவ பேரச் சொன்னாலே வாய் தடம் மாறுது.”

“அப்ப பேர நாங்க சொல்றோம். நீங்க ஆமென் மட்டும் சொல்லுங்க. அதுல தப்பு வர எடமில்லீங்களே.”

ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ஜெனி கத்தினாள்: “அத்தை, சத்தமாச் சொல்லுங்க. நோயாளிக்கே கேக்கல!”

நான் ஆமென் மட்டும் சொன்னேன்.

இப்போது அவள் ரெமிஷனில் (நோயின் தடயம் தென்படாத நிலை) இருக்கிறாள். குணமாகிவிட்டது என்று மருத்துவர் சொல்லவில்லை. அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார். எங்கள் வீட்டில் காலம் என்பது இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவில் உள்ள இடம்.

சென்ற ஞாயிறு கோயிலில் அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். முக்காட்டின் ஓரத்தில் புதிதாய் முளைத்த முடி தெரிந்தது. எல்லோரும் எழுந்து விசுவாச அறிக்கை (நம்புவதை வரிவரியாகச் சொல்லும் செபம்) சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு முறை இருமினாள். சபை அடுத்த வரிக்குப் போய்விட்டது. நான் அந்த இருமலிலேயே நின்றேன். மறுபடி வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வரவில்லை.

அதற்குள் அவர்கள் கடைசி வரிகளில் வரும் ‘உடலின் உயிர்ப்பை விசுவசிக்கிறேன்’ வரை போயிருந்தார்கள். அங்கிருந்து சேர்ந்துகொண்டேன்.